இருபது லட்சம் ஆண்டு தாமதமான துக்கம்

உலக வரலாற்றில் அறிவியலுக்காகக் கண்ணீர் விட்ட ஊர்கள் இரண்டே இரண்டு. முதலாவது எது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டாவது திண்டிவனம். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. கண்ணீர் விட்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் அதே தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

இந்தப் பெருமைக்கெல்லாம் மூலகர்த்தா 'கல்வித் தந்தை' விருத்தாசலம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில், சுங்கச்சாவடிக்கு முன்னால் அவருடைய கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. முதலில் அவர் மல்லாட்டை எண்ணெய் ஆலை வைத்திருந்தார்; வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். பிறகு மனை போட்டு விற்றார். விற்காமல் மிஞ்சிய மனையில் கல்வியை வைத்தார். "மல்லாட்டையில எண்ணெ எடுக்கிறதும் பசங்க கிட்டேருந்து அறிவ எடுக்கிறதும் ஒண்ணுதான். நல்லா அழுத்தணும்" என்பது அவருடைய கல்விக் கொள்கை. கல்லூரிக்கு வயது பன்னிரண்டு; அதன் அரங்கத்துக்குப் பெயர் 'பொன்விழா அரங்கம்'. எதையும் முன்கூட்டியே செய்துவிடுவது பெரியவர்களின் குணம்.

அந்தக் கல்லூரியில் விலங்கியல் துறை என்றும் ஒன்று இருந்தது. துறைத் தலைவர் செண்பகம். பேராசிரியர் செண்பகம். ஆய்வக உதவியாளரும் செண்பகம்தான். துறைக் கூட்டம் நடந்தால் தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறும். வானூர்ப் பக்கம் கட்டட வேலை செய்தவரின் மகள் அவள். மல்லாட்டைக் கொல்லையில் எலி கடித்த காய்களைப் பொறுக்கி, பல் தடங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள். செஞ்சி மலையோரம் லாரியில் அடிபட்டுச் செத்த ஒரு முள்ளம்பன்றியை வனத்துறையிடம் முறையாகக் கேட்டு வாங்கி, எலும்பு எலும்பாகக் கழுவிக் காயவைத்து, தன் கையாலேயே கோத்து ஆய்வகத்தில் நிறுத்தியிருந்தாள். அந்த எலும்புக்கூட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சொந்த வீடு கட்டி முடித்த மாதிரி ஒரு நிறைவு வரும்.

ஒருநாள் விருத்தாசலம் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன் டிபார்ட்மென்ட்ல எத்தினி பசங்கம்மா?"

"மூணு பேருங்க சார்."

"ரூம் எவ்ளோ பெருசு?"

"பெருசுதாங்க சார்."

"அதான் பேஜாரு" என்றார் கல்வித் தந்தை வருத்தத்தோடு. "மூணு பேருக்கு அவ்ளோ பெரிய ரூமா? மூடிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. நாந்தான் வேணாம், ஒரு சான்ஸ் குடுக்கலாம்னு சொன்னேன். ஒரு செமினார் நடத்து. பொன்விழா அரங்கம் ரொம்பணும். ரொம்பிச்சின்னா துறை இருக்கட்டும். இல்லன்னா இல்ல."

'எல்லாரும்' என்று அவர் சொன்னதில் அந்தக் கல்லூரியில் அவர் ஒருவர்தான் அடக்கம் என்பது செண்பகத்துக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வாய்ப்பு வாய்ப்புதானே. அந்த அரங்கம் திறப்பு விழாவுக்கே பாதிதான் நிரம்பியது, அதுவும் பிரியாணி போட்டு. துறை போனால் வேலை போகும். மூன்று பிள்ளைகள் நடுவழியில் நிற்பார்கள். முள்ளம்பன்றி எங்கே போகுமோ தெரியாது. அவள் இரவெல்லாம் யோசித்து, தனக்கு மிகவும் பிடித்த தலைப்பையே வைத்தாள்: 'அழிந்துபோன மாபெரும் கொறித்துண்ணிகளும் அவற்றின் பரிணாம உறவுகளும்.' பிடிக்காத ஒன்றைப் பேசி வேலை போவதைவிட இது மேல் என்று அவளுக்குப் பட்டது.

அடுத்தது பேனர். திண்டிவனத்தில் பேனர் வைக்காத எதுவும் நடந்ததாக ஆகாது. மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் தென்னரசுக்கு விவரமும் படமும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். முகூர்த்த நாள் நெருக்கம். தென்னரசு கடையில் மிஷின் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அவசரத்திலும் அவர் தொழில் சுத்தமாக ஃபோன் போட்டுக் கேட்டார்.

"மேடம், மேட்டர் வந்துடுச்சி. ஒண்ணே ஒண்ணு தெரியணும். உயிரோட இருக்காங்களா?"

செண்பகத்துக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை வருட ஆசிரியப் பணியில் எந்த மாணவரும் கேட்காத கேள்வி அது.

"இல்லீங்க. அழிஞ்சி போச்சி."

"எப்போ?"

"இருபது லட்சம் வருஷம் ஆயிடுச்சி."

"சரிங்க. பொறந்தது?"

"ஒரு நாப்பது லட்சம் வருஷம்னு வெச்சிக்குங்க."

வாடிக்கையாளர் சொல்லும் தேதியைக் கேள்வி கேட்பது ஃப்ளெக்ஸ் தொழிலில் மரபு இல்லை. தென்னரசு அப்படியே எழுதிக்கொண்டார்.

"சொந்தக்காரங்க பேருங்க?"

"பரிணாம உறவு தானே? எலி, பெருச்சாளி, அணிலு, முள்ளம்பன்னி எல்லாம் வரும். முயலு, மூஞ்சூறு பத்தியும் பேசறேன். எல்லாத்தையும் அனுப்பிடறேன்."

"அனுப்புங்க. கலரு நான் பாத்துக்கிறேன். காலைல கேட்டாண்ட நின்னுக்கினு இருக்கும்."

கருத்தரங்கு நாள் காலையில் நின்றுகொண்டுதான் இருந்தது. கல்லூரி வாசலில் ஒன்று, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒன்று, மேம்பாலத்து இறக்கத்தில் ஒன்று. கருநீலப் பின்னணி. இரு மூலையிலும் குத்துவிளக்கு. மேலே பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் மாபெரும் கொறித்துண்ணியின் முகம், கழுத்தில் ரோஜா மாலை. செண்பகம் அனுப்பியது தலைப்படம் மட்டும்தான். முகம் மட்டும் அனுப்புகிறவர்களுக்கென்று தென்னரசிடம் உடம்புகள் தயாராக இருந்தன. அதில் ஒன்றை, வெள்ளைச் சட்டையும் ஜரிகைத் துண்டுமாகப் பொருத்தியிருந்தார். கீழே, 'ஜோசபோஆர்டிகாசியா மோனேசி அவர்கள்' என்று பெயர். அறிவியல் பெயர் ஒரு வரியில் அடங்காததால் 'ஜோசபோ' ஒரு வரியிலும் மற்றது அடுத்த வரியிலும் இருந்தன. தோற்றம், மறைவு இரண்டும் லட்சக் கணக்கில் இருந்தன. 'அன்னாரின் பிரிவால் வாடும்' என்று போட்டு மூஞ்சூறு, முயல், பெருச்சாளி, எலி, அணில், கடைசியாக முள்ளம்பன்றி. அதற்கும் கீழே, சிறிய எழுத்தில், 'மற்றும் விலங்கியல் துறையினர்'. பெயர்களுக்கு நடுவே கல்லூரி முதல்வரின் படமும் இருந்தது.

செண்பகம் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். தன் துறைக்குத் தானே பால் ஊற்றிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. முதல்வர் வேங்கடேசன் வேகமாக வந்தார்.

"இன்னாங்க மேடம் இது, இப்டிப் பண்ணிட்டீங்க?"

"தப்பு நடந்துபோச்சிங்க சார். இப்பவே எறக்கிடச் சொல்றேன்."

"எறக்க வாணாம். என் போட்டோ முயலுக்குக் கீழ இருக்குது. அத மட்டும் பாருங்க."

தென்னரசு ஏணியோடு வரவழைக்கப்பட்டார். வாசலிலேயே அவசரக் கூட்டம் கூடியது. ஏன் இந்த வரிசை என்று செண்பகம் கேட்டாள்.

"மூஞ்சூறு புள்ளையாரு வாகனம் மேடம். அதக் கீழ போட்டா நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க."

"அது கொறிக்கிற ஜாதியே இல்லீங்க. பூச்சி திங்கறது. செத்ததுக்கும் அதுக்கும் சொந்தமே கெடையாது."

"அதான் மேடம் மேல போட்டது. சொந்தம் இல்லாத பெரிய மனுஷங்களத்தான் மேல போடறது பழக்கம். சொந்தக்காரங்கள எங்க போட்டாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

கூட்டம் இதற்குமேல் விவாதிக்க ஒன்றுமில்லை என்று முடிவுக்கு வந்தது. வரவும் வேண்டியிருந்தது. ஏனென்றால் அதற்குள் மாலையோடு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள்.

திண்டிவனத்து மக்களின் பண்பாட்டை இங்கே ஒரு வார்த்தை பாராட்டியே ஆக வேண்டும். கல்யாணத்துக்கு அழைத்தால் வருவார்கள், சமயத்தில் வராமலும் இருப்பார்கள். சாவுக்கு அழைக்க வேண்டியதே இல்லை. முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அந்தோணிசாமி.

"ஜோசப்புன்னு நம்ம சர்ச்சு பங்குல ஒருத்தர் இருந்தாருங்க. அவரா இருந்து வராம போயிட்டா தப்பாயிடும். அவரா இல்லன்னாலும் வந்தது தப்பில்ல" என்று விளக்கிவிட்டு, பேனரை அண்ணாந்து பார்த்தார். "கடைசி காலத்துல மொகம் ரொம்ப வீங்கிப்போச்சி போல."

அவரைத் தொடர்ந்து மற்றவர்கள் வந்தார்கள். லட்சம் லட்சமாகப் போட்டிருந்ததைப் பார்த்தவர்கள் வசதியான குடும்பம் என்று பேசிக்கொண்டார்கள். கல்லூரி வாசலில் பேனர் என்பதால் தாளாளர் விருத்தாசலத்துக்கு நெருங்கியவராகத்தான் இருக்கும் என்று வியாபாரிகள் கடையைச் சாத்திக்கொண்டு வந்தார்கள். கெடாரிலிருந்து மல்லாட்டை மூட்டை போட வந்த முனியம்மாள், பேருந்துக்கு நேரம் இருந்ததால் இன்னும் சில பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். யாராவது வந்தால் உட்கார வைக்க வேண்டுமே என்று பொன்விழா அரங்கம் திறக்கப்பட்டது. பதினோரு மணிக்கு உள்ளே இடமில்லை. சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். ஒரு செல்ஃபோன்கூட ஒலிக்கவில்லை. எந்த உலகக் கருத்தரங்கிலும் பார்க்க முடியாத ஒழுங்கு.

மேடையில் செண்பகம் நின்றாள். வாசலிலிருந்து எடுத்துவந்து மேடையில் சாத்தியிருந்த பேனரில், மாபெரும் கொறித்துண்ணியின் காலடியில் மாலைகள் குவிந்திருந்தன. பொய் சொல்ல அவளுக்கு வராது. வந்தது வரட்டும் என்று மைக்கைப் பிடித்தாள்.

"ஐயா, அம்மா, எல்லாரும் மன்னிக்கணும். இறந்தது ஒரு மனுஷர் இல்லீங்க. ஒரு பிராணி. தென்னமெரிக்காவுல உருகுவேன்னு ஒரு நாடு. அங்க இருந்துச்சி. கொறிக்கிற பிராணிங்கள்லயே இத விட பெருசு எதுவும் தெரிஞ்சது இல்ல. சில பேரு ஆயிரம் கிலோ இருக்கும்னு சொல்றாங்க. சில பேரு பாதிதான்றாங்க. எப்டிப் பாத்தாலும் நம்ம எருமை மாட்டுக்குக் கொறையாது."

யாரும் இடத்தைவிட்டு அசையவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் பாதியில் எழுந்துபோகிற வழக்கம் இல்லை. முனியம்மாள்தான் முதலில் பேசினாள்.

"அவ்ளோ தூரத்துலயா போயி செத்துது? பாவம். சொந்தம்னு சொல்லிக்க யாராச்சும் இருக்காங்களாம்மா?"

செண்பகம் கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். அவள் தயாரித்து வந்த முப்பது பக்கமும் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

"இருக்காங்கம்மா. அதத்தான் சொல்ல வந்தேன்."

"நம்ம கொல்லையில பூந்து பேஜாரு பண்ணுதே, அந்த எலியா?"

"எலிக்கும் இதுக்கும் பாட்டன் ஒருத்தர்தான். ஆனா பாகம் பிரிஞ்சி ரொம்ப காலமாச்சி. அணிலும் அப்டித்தான். முள்ளம்பன்னிதான் கிட்ட. எலி பிரிஞ்சி போன அப்பால கூட, முள்ளம்பன்னி வம்சமும் இதோட வம்சமும் ஒண்ணாத்தான் இருந்துச்சி."

அவள் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்திருந்த முள்ளம்பன்றி மண்டையோட்டைத் தூக்கிக் காட்டினாள். கன்னத்து எலும்புக்கு முன்னால் இருந்த பெரிய துவாரத்தைக் காட்டி, மெல்லுகிற தசை இதற்குள் புகுந்து போகும், செத்துப்போனதற்கும் இப்படித்தான், எலிக்கு இப்படி முழுசாக இல்லை என்றாள். மண்டையோடு வரிசை வரிசையாகக் கைமாறியது.

"அப்டின்னா பங்காளிக்கும் பங்காளிக்கும் ஜாடை இருக்குது" என்றாள் முனியம்மாள். "அப்பறம் எதுக்கும்மா அத நோட்டீசுல கடைசியில போட்டீங்க?"

அரங்கத்தில் சலசலப்பு எழுந்தது. அதுவரை இருபது லட்சம் ஆண்டைச் சகித்துக்கொண்ட மக்களால் இதைச் சகிக்க முடியவில்லை.

"பங்காளிய கடைசில போடறது இன்னா ஞாயம்?" என்றார் ஒரு வியாபாரி. "நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா யாரு வந்து நிப்பாங்க?"

"முயல எதுக்குப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார் அந்தோணிசாமி.

"முயலும் இதே வகையறான்னு ஒரு காலத்துல நெனச்சிக்கினு இருந்தாங்க ஐயா. அப்பறம்தான் தனி வகையறான்னு பிரிச்சாங்க. பக்கத்து வீடுன்னு வெச்சிக்குங்க."

"பக்கத்து வீட்டுக்காரர்னா பேரு போடலாம். ஆனா சொந்தக்காரங்களுக்கு அப்பறம்தான்."

"வெளிநாட்ல யாராச்சும் இருக்காங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

"கினிப்பன்னி இருக்குது. கேப்பிபாரா இருக்குது. எல்லாத்தையும் விட கிட்டத்து சொந்தம் பக்கரானான்னு ஒண்ணு, அதே தென்னமெரிக்காவுல மலக்காட்டுல இருக்குது. அந்தக் குடும்பத்துல இப்ப அது ஒண்ணுதான் பாக்கி."

"அப்போ அதுதானே வாரிசு" என்றாள் முனியம்மாள். குரல் தழுதழுத்தது. "குடும்பத்துல ஒத்தையா நிக்கிற புள்ள பேரையே வுட்டுட்டீங்களே."

அப்போதுதான் அந்த வரலாற்றுச் சம்பவம் நடந்தது. தென்னரசு மேடைக்கு அழைக்கப்பட்டார். பக்கரானா முதலில். அடுத்து கினிப்பன்றியும் கேப்பிபாராவும். வெளியூரில் இருப்பதால் வர முடியவில்லை என்று அடைப்புக்குறியில் போடலாமா என்று தென்னரசு கேட்டார். தேவையில்லை, புரிந்துகொள்வார்கள் என்று அந்தோணிசாமி சொன்னார். அப்புறம் முள்ளம்பன்றி. அதன் பிறகு எலி, பெருச்சாளி, அணில். கோடு போட்டு, அக்கம்பக்கத்தார் என்று முயல். மூஞ்சூற்றை மட்டும் எங்கே போடுவது என்று வெகுநேரம் விவாதம் நடந்தது. கடைசியில் 'தலைமை' என்று தனியாகப் போட்டார்கள். அதற்கு எதிராக விஞ்ஞானத்தில் ஒன்றும் இல்லை என்று செண்பகமும் ஒப்புக்கொண்டாள்.

மாலைக்குள் வாசலில் புது பேனர் நின்றது. கொறித்துண்ணிகளின் பரிணாம உறவு முறை, தவறில்லாமல், நெடுஞ்சாலையைப் பார்த்து நிற்பதை அவள் நின்று பார்த்தாள். பாடப் புத்தகத்தைத் திறந்தாலே பிள்ளைகள் தூங்கிப்போகிற பாடம் அது. அன்று ஒரு அரங்கம் முழுக்க அதற்காகச் சண்டை போட்டது. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அன்று அங்கே அழுகிறவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அரங்கத்து வாசலில் நின்று கலைந்துபோகும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கல்வித் தந்தையும் அவளைப் பார்த்துக் கையசைத்தார். துறை பிழைத்தது என்று அவள் நினைத்தாள். மூன்று பிள்ளைகளுக்கும் ஃபோன் போட்டுச் சொன்னாள்.

மறுநாள் காலை விருத்தாசலம் அவளை அழைத்தார்.

"வாம்மா, உக்காரு. நேத்து அசந்துட்டேன். அந்த ஹால் கட்னதுலேருந்து இப்டி ரொம்பினது இல்ல."

"நன்றிங்க சார். அப்போ நம்ம துறை..."

"அதான் சொல்ல வர்றேன். ஒரு செத்துப்போன பெருச்சாளிக்கே..."

"பெருச்சாளி இல்லீங்க சார்."

"சரி. அது இன்னாவோ, அதுக்கே இவ்ளோ கூட்டம் வருதுன்னா, இதுல ஒரு படிப்பு இருக்குதும்மா. ராத்திரி பூரா யோசன பண்ணேன். 'சுப மற்றும் துக்க நிகழ்வு மேலாண்மை.' ரெண்டு வருஷ டிப்ளமா. தென்னரசு கிளாஸ் எடுக்கிறேன்னு சொல்லிட்டாப்ல. பேனரு, பந்தலு, மாலை, எல்லாம் சிலபஸ்ல வரும். வர்ற வாரமே ஆரம்பிச்சிடலாம். ரூமுதான் வேணும். உன் லேப் நல்லா பெருசா இருக்குது."

செண்பகத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கேட்டாள்.

"ஹால் ரொம்பிச்சின்னா துறை இருக்கட்டும்னு சொன்னீங்களே சார்."

"சொன்னேன். இல்லன்னு சொல்லல. ரொம்பவும் செஞ்சுது." கல்வித் தந்தை அவளைப் பரிவோடு பார்த்தார். "ஆனா அவங்க விலங்கியலுக்கு வரலியேம்மா. துக்கத்துக்கு இல்ல வந்தாங்க?"

இந்தத் தர்க்கத்தின் கூர்மையை வியக்காமல் இருக்க முடியாது. எந்தப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் வைத்தாலும் இதற்கு மறுப்புச் சொல்ல ஆள் கிடைப்பது கடினம்.

"மூணு பசங்க இருக்காங்க சார்."

"பி.காம்ல உக்காரட்டும். எண்ணத் தெரிஞ்சா போதும்."

"அந்த முள்ளம்பன்னி..."

"அத ரிசப்ஷன்ல வெச்சிடலாம். வர்றவங்க பாப்பாங்க, அழகா இருக்கும்."

"நான் சார்?"

"உன்ன வுட்டுடுவனா?" என்றார் விருத்தாசலம். அலமாரியைத் திறந்தார். உள்ளே பொன்னாடைகள் அடுக்கடுக்காக இருந்தன. எந்த நேரம் யாரைக் கௌரவிக்க வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாதல்லவா. மேலாக இருந்த ஒன்றை எடுத்துப் பிரித்து, அவளுடைய தோளில் போர்த்தினார். தாமே கை தட்டினார். முதல்வர் வேங்கடேசன் அதற்கென்றே வந்து நின்று செல்ஃபோனில் படம் எடுத்தார். இப்படி, ஒரே நாளில் அறிவியலைக் கடைசி வரிசை மக்களிடம் கொண்டுசேர்த்ததற்காக ஒரு பேராசிரியர் கௌரவிக்கப்பட்டு, அன்றைக்கே வீட்டுக்கும் அனுப்பப்பட்ட பெருமை தமிழ்நாட்டில் வேறெந்தக் கல்லூரிக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

செண்பகம் எழுந்தாள். அங்கே அழக்கூடாது என்று அவளுக்கு இருந்தது. பொன்னாடையை மடித்து நாற்காலியின் மேல் வைத்தாள். கையைக் கட்டி நிற்கவில்லை, கும்பிடவும் இல்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே காலை வைத்தாள்.

"இன்னாம்மா" என்றார் கல்வித் தந்தை, நிஜமாகவே மனம் நொந்து. "இத்தினி வருஷம் இருந்துட்டு, போய்ட்டு வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லாம போறியே."

செண்பகம் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாவு வீட்லேருந்து கெளம்பும்போது அப்டி சொல்லக் கூடாதுங்க சார்" என்றாள்.